1964 ஃபார்கோ லாரி: கேபின் தகர வேலையும் உள்ளே கேட்கிற சத்தமும்

பாளை_ஃபார்கோ

எல்லாருக்கும் வணக்கம். 1964 மாடல் ஃபார்கோ ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பம்பாய் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் சேசிஸ், சிம்சன் பெர்கின்ஸ் பி6 இன்ஜின். தூத்துக்குடியில் உப்பு ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. அப்புறம் நாங்குநேரி பக்கம் ஒரு செங்கல் சூளைக்கு ஓடி, கடைசியில் புளியமரத்தடியில் நின்றுவிட்டது. இன்ஜின் வேலை முடிந்து வண்டி ஓடுகிறது.

பானட், இரண்டு மட்கார்ட், கிரில், கண்ணாடிக்குக் கீழே இன்ஜினையும் கேபினையும் பிரிக்கிற சுவரான கவுல் எல்லாம் கம்பெனித் தகரம். அதற்குப் பின்னால் இருக்கிற கேபின், அந்தக் காலத்து வழக்கப்படி உள்ளூர் பாடி பட்டறையில் மரச்சட்டம் போட்டுத் தகரம் அடித்தது. மட்கார்டின் ஓரம் போய்விட்டது, கதவின் அடிப்பாகம் சல்லடை, கால் வைக்கிற இடத்தில் ரோடு தெரிகிறது.

வண்டியை நெல்லை பைபாசில் ஓட்டினால் பக்கத்தில் இருப்பவரோடு கத்தித்தான் பேச வேண்டும். ஒரு கார் அலங்காரக் கடையில் கேட்டேன். கேபின் முழுக்க, ஓர் அங்குலம் விடாமல் டேம்பிங் ஷீட் (தகரத்தின் அதிர்வை அடக்குகிற ரப்பர் ஷீட்) ஒட்டினால் கார் மாதிரி ஆகிவிடும் என்று பெரிய தொகை சொல்கிறார்கள். ஒட்டலாமா? எதில் தொடங்குவது?

டிங்கர்_அண்ணாச்சி

தம்பி, சத்தத்தை அப்புறம் பார்க்கலாம். உப்பு ஏற்றின வண்டி என்று போகிற போக்கில் சொல்லிவிட்டீர்கள். அதுதான் இதில் பெரிய விஷயம்.

மழையில் பிடித்த துருவும் உப்பில் பிடித்த துருவும் வேறு வேறு. உப்புத் துரு தகரத்தில் குழி குழியாக இறங்கும். மேலே கிரைண்டர் ஓட்டிப் பளபளவென்று ஆக்கினாலும் குழியின் அடியில் உப்பு உட்கார்ந்திருக்கும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதன் மேல் பிரைமர், பட்டி, பெயிண்ட் என்று எதை அடித்தாலும் ஐப்பசி மழை வந்ததும் கொப்புளம் கிளம்பும். கொப்புளம் கிளம்பினாலாவது கண்ணுக்குத் தெரியும். நீங்கள் உள்பக்கம் ஷீட்டை ஒட்டி மூடிவிட்டால் ஓட்டை விழுகிற வரைக்கும் தெரியவே தெரியாது.

அதனால் முதலில் வெறும் தகரம் வரைக்கும் போங்கள். சோப்பு போட்டு, சுடுதண்ணீர் பிரஷர் வாஷ் கொடுங்கள். கடைசி அலசல் நல்ல தண்ணீரில் இருக்க வேண்டும். திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துப் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுத்துவிட்டு உப்பையே பூசின கதைதான். காயவிட்டு ஒரு ராத்திரி ஷெட்டுக்குள் வையுங்கள். காலையில் தகரம் முழுக்க லேசாக மஞ்சள் பூத்திருந்தால் பயமில்லை. குழி இருக்கிற இடங்களில் மட்டும் கறுத்து, ஈரம் கோத்தாற்போல இருந்தால் உப்பு இன்னும் போகவில்லை. திரும்பவும் கழுவ வேண்டும்.

மணல் பிளாஸ்டிங் பற்றி யாராவது சொல்வார்கள். சேசிசுக்கும் மட்கார்டுக்கும் சரி. கதவு, கூரை மாதிரி தட்டையான தகரத்தில் வேண்டாம். மணல் அடிக்க அடிக்க மேல்தோல் விரிந்து தகரம் அலை அலையாகிவிடும். அப்புறம் எந்த டிங்கராலும் அதைச் சமமாக்க முடியாது.

இன்னொன்று, அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும். கிரைண்டர் பிடிக்கும்போது துண்டை வாயில் கட்டினால் போதாது, ஒழுங்கான மாஸ்க் வேண்டும்.

கடையநல்லூர்_கியர்

அலங்காரக் கடைக்கு ஏன் காசு கொட்ட வேண்டும்? மொட்டை மாடி ஒழுகினால் ஒட்டுவார்களே, அந்தத் தார் ஷீட்டை வாங்கி பர்னர் காட்டி ஒட்டுங்கள். பத்தில் ஒரு பங்கு செலவில் முடியும். எங்கள் ஊரில் வேனுக்கு இப்படித்தான் செய்கிறார்கள்.

டிங்கர்_அண்ணாச்சி

மரச்சட்டத்துக் கேபினில் பர்னர் காட்டச் சொல்கிறீரே வே. நல்ல யோசனை!

வள்ளியூர்_ஒலிக்காரன்

நான் கல்யாண மண்டபம், தியேட்டர் ஆகியவற்றுக்கு ஒலித்தடுப்பு வேலை செய்கிறவன். லாரிக்கும் கணக்கு அதேதான்.

முதலில் ஒன்று. தகரம் அதிர்வதை அடக்குவது, வெளிச்சத்தம் உள்ளே வராமல் தடுப்பது, உள்ளே வந்த சத்தத்தை உறிஞ்சுவது, மூன்றும் தனித்தனி வேலை. மூன்றுக்கும் பொருள் வேறு. கடைக்காரர் ஒரே ஷீட்டில் மூன்றையும் விற்கப் பார்க்கிறார்.

டேம்பிங் ஷீட் என்பது பியூட்டைல் ரப்பர், அதன் முதுகில் அலுமினியத் தகடு. தகரம் அதிரும்போது நடுவில் இருக்கிற ரப்பர் இழுபட்டு அந்த அதிர்வைச் சூடாக மாற்றித் தின்றுவிடும். இதற்குத் தகரம் முழுக்க ஒட்டத் தேவையே இல்லை. ஒவ்வொரு தகரத்தின் நடுப்பகுதியில் 25 முதல் 40 சதவீதம் மூடினால் பெரும்பலன் கிடைத்துவிடும். மீதியை ஒட்டுவது வண்டிக்கு எடையும் கடைக்கு லாபமும்தான்.

எங்கே ஒட்டுவது என்பதற்கு விரல் முட்டி போதும். தகரத்தைத் தட்டுங்கள். 'டொம்ம்ம்' என்று இழுத்தால் அங்கே ஒட்டலாம். 'டொக்' என்று நின்றுவிட்டால் அங்கே ஷீட்டுக்கு வேலையில்லை. கவுலின் வளைவில், மடிப்பு ஓரங்களில் எல்லாம் 'டொக்' தான் வரும். கூரையிலும் கதவின் நடுவிலும்தான் இழுக்கும்.

தார் ஷீட்டும் கொஞ்சம் அடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சித்திரை வெயிலில் வண்டிக் கூரைத் தகரம் 60 டிகிரியைத் தாண்டும். மாடிக்குப் போடுகிற தார் ஷீட் தரையில் படுத்திருப்பதற்காகச் செய்தது. தலைகீழாகத் தொங்குவதற்கு அல்ல. இளகும், நாறும், ஒரு நாள் மடியில் விழும்.

இன்ஜின் சத்தத்துக்கு வருவோம். பி6 ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக். ஒரு சுற்றுக்கு மூன்று முறை வெடிக்கும். 2000 ஆர்பிஎம்மில் ஓட்டினால் நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். நெஞ்சில் அறைகிற அந்தக் கனத்த சத்தம் பெரும்பாலும் சேசிஸ் வழியாகவே ஏறி வருகிறது. அதற்கு எந்த ஷீட்டும் பெரிதாக உதவாது. இன்ஜின் மவுண்ட் ரப்பரையும், கேபினுக்கும் சேசிசுக்கும் நடுவில் உள்ள ரப்பரையும் பாருங்கள். அறுபது வருஷத்து ரப்பர் என்றால் அது ரப்பரே இல்லை, கல்.

பேட்டை_ஆசாரி_மகன்

ஒலிக்காரர் சொன்னதெல்லாம் கம்பெனிக் கேபினுக்குப் பொருந்தும். இது மரக்கேபின் என்பதை எல்லாரும் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள்.

எங்கள் அப்பா பாடி பட்டறையில் மரவேலை பார்த்தவர். தேக்கும் வேங்கையும் போட்டுச் சட்டம் கட்டி, அதன் மேல் தகரத்தை ஆணி அடித்து மடக்குவார்கள். மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். தகரம் வெயிலுக்கு விரியும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக அசைந்து அசைந்து ஆணித் துளை பெரிதாகிவிடும். அப்புறம் வண்டி போகிற போக்கில் தகரம் மரத்தில் மோதிக்கொண்டே வரும். உங்கள் கேபினில் கேட்கிற கடகடப்பில் பாதி இதுவாகத்தான் இருக்கும். அதன் மேல் எவ்வளவு ஷீட் ஒட்டினாலும் மோதல் நிற்காது.

வண்டி நிற்கும்போதே கண்டுபிடிக்கலாம். இன்ஜினை ஐடிலில் போட்டுவிட்டு ஒருவர் வெளியே நின்று உள்ளங்கையால் தகரத்தை மரத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டே வரட்டும். அழுத்துகிற இடத்தில் சத்தம் நின்றால் உள்ளே இருப்பவர் சாக்பீசால் குறி போடட்டும். ஒரு சுற்று வந்தால் கேபினில் எங்கெங்கே கட்டு விட்டிருக்கிறது என்று படம் கிடைத்துவிடும்.

சரி செய்ய, தகரத்தைக் கழற்ற வேண்டும். மரத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சுளுவாக இறங்கினால் அந்தத் துண்டு உளுத்துவிட்டது. கதவுத் தூணின் அடிப்பாகமும், முன்கண்ணாடிச் சட்டத்தின் கீழ்க்கட்டையும்தான் முதலில் போகும். முழுச் சட்டத்தையும் மாற்ற வேண்டாம், உளுத்த வரைக்கும் சாய்வாக அறுத்து, புதுத் தேக்கைப் பொருத்திப் பசை போட்டு ஒட்டலாம். பழைய ஆணித் துளையில் குச்சி அடித்து அடைத்துவிட்டு, இந்த முறை ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள்.

முக்கியமானது, மரத்துக்கும் தகரத்துக்கும் நடுவில் ஒரு பட்டை. அப்பா காலத்தில் பெயிண்டில் நனைத்த கான்வாஸ் துணியை வைத்துத் தகரத்தை அழுத்துவார்கள். இப்போது மெல்லிய ரப்பர் பட்டையோ பியூட்டைல் டேப்போ வைக்கலாம். சத்தமும் போகும், தகரத்தில் ஊறுகிற தண்ணீர் மரத்துக்கும் போகாது. மரத்தின் நாலு பக்கமும் பெயிண்ட் வேண்டும். வெளியே தெரிகிற பக்கம் மட்டும் அடிப்பது ஊர்வழக்கம், அது வேலைக்கு ஆகாது.

மேலப்பாளையம்_மீட்டர்

குறுக்கே பேசுகிறேன், மன்னிக்கவும். ஃபார்கோவில் ஏறிவிட்டுச் சத்தம் வருகிறது என்று வருத்தப்படுவது, குற்றாலத்துக்குப் போய்விட்டுத் தண்ணீர் விழுகிறது என்று வருத்தப்படுகிற மாதிரி இருக்கிறது. பழைய வண்டி பழைய வண்டியாகவே இருக்கட்டுமே. 2021 ஜூலையில் வந்த மத்திய அரசு விதியில்கூட, 50 வயது தாண்டின வண்டிக்கு விண்டேஜ் பதிவு வேண்டுமென்றால் பாடியிலும் இன்ஜினிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்றுதான் இருக்கிறது. 20,000 ரூபாய் கட்டி, 'விஏ' எழுத்து வருகிற தனி நம்பர் வாங்குகிறார்களே, அது.

பாளை_ஃபார்கோ

மீட்டர் அண்ணாச்சி, அந்த விதி பைக்குக்கும் பயணிகள் காருக்கும்தான். சரக்கு வண்டி அதில் வராது, பார்த்துவிட்டேன். அதோடு நான் மாற்றுவது எதையும் வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. ஊர்க்கொடைக்கு அம்பாசமுத்திரம் வரை அம்மாவை முன்சீட்டில் வைத்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர்கள் பேசுவது எனக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆசாரி மகன் சொன்னபடி சாக்பீஸ் குறி போட்டாயிற்று. டிரைவர் கதவுத் தூணும் பின்சுவரும்தான் அதிகம். தகரத்தைப் பிரித்தால் டிரைவர் பக்கத் தூண் அடியில் மரம் காப்பித்தூள் நிறத்தில் உதிர்கிறது.

மட்கார்டைக் கழற்றிப் பார்த்தேன். ஓரத்தில் உள்ளே கம்பி வைத்துத் தகரத்தைச் சுருட்டியிருக்கிறார்கள். அந்தச் சுருளைப் பிரித்தால் துரு அடுக்கடுக்காக வருகிறது, கம்பி தனியாக இல்லை, தகரத்தோடு சேர்ந்து ஒரே துருவாக ஆகியிருக்கிறது. இதை எப்படித் திரும்பச் செய்வது? உள்ளூர் பட்டறையில் ஓரத்தை வெட்டிவிட்டு அரை அங்குல ராடு வைத்து வெல்டிங் அடித்துத் தருகிறேன் என்கிறார்கள். தகரம் என்ன கனம் வாங்குவது?

டிங்கர்_அண்ணாச்சி

ராடு வேண்டாம். ராடு வைத்தால் ஓரம் கனத்து, அதிர்வில் வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே விண்டுவிடும்.

அந்தக் கம்பி மடிப்பு ஒன்றும் சீமை ரகசியம் இல்லை. தகர வாளிக்கு வாய் மடிக்கிற வேலை தெரிந்தவர்கள் இன்னும் டவுனில் இருக்கிறார்கள், கூட்டிக்கொண்டு வந்து காட்டுங்கள். கம்பியின் சுற்றளவுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தகரம் விட்டு, முதலில் எழுப்பி, கம்பியை வைத்து, மரச்சுத்தியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருட்ட வேண்டும். ஒரே அடியில் மடக்கப் பார்த்தால் வளைவில் சுருக்கம் விழும். சுருட்டுவதற்கு முன்னால் கம்பிக்கும் தகரத்துக்கும் பிரைமர், சுருட்டின பிறகு உள்ளே மெழுகோ கெட்டி ஆயிலோ இறங்க வேண்டும். கம்பெனி இதைச் செய்யாததால்தான் உங்களுக்கு இந்தக் கதி.

தகரம்: மட்கார்டுக்கு 18 கேஜ் (அதாவது 1.2 மி.மீ.) சிஆர் ஷீட், பூச்சு இல்லாத சாதாரண இரும்புத் தகரம். மரக்கேபினுக்கு 20 கேஜ் போதும். இருக்கிற நல்ல இடத்தை மைக்ரோமீட்டர் வைத்து அளந்துவிட்டு வாங்குங்கள். ஜிபி ஷீட் (துத்தநாகம் பூசின தகரம்) துருப்பிடிக்காது என்று ஆசை காட்டுவார்கள். வெல்டிங் வைக்கிற இடத்தில் துத்தநாகம் எரிந்து வெள்ளைப் புகை வரும், அதை மூச்சில் இழுத்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் நிச்சயம். வாங்கியே ஆக வேண்டும் என்றால் ஓரத்துத் துத்தநாகத்தைத் தேய்த்து எடுத்துவிட்டு வெல்டிங் வையுங்கள்.

வெல்டிங்கைப் பொறுத்தவரை எனக்கு கேஸ் வெல்டிங்தான் பிடிக்கும். மூட்டு மெத்தென்று இருக்கும், அடியில் டாலி (கையில் பிடிக்கிற தாங்கு இரும்பு) வைத்துத் தட்டிச் சமமாக்கலாம். சிஓ2 வெல்டிங் வேகம்தான், சூடும் குறைவு, ஆனால் மூட்டு கெட்டி. தட்டினால் வெடிக்கும். அதில்தான் செய்கிறார்கள் என்றால் ஒரே இழுப்பாக இழுக்க விடாதீர்கள். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு என்று மாறி மாறி வைத்து, கை வைத்தால் சுடாத அளவு ஆறின பிறகுதான் அடுத்தது.

கதவு நடுவில் தகரம் உள்ளே தள்ளினால் உள்ளே, வெளியே இழுத்தால் வெளியே 'டப்' என்று குதிக்கிறதா? அங்கே தகரம் விரிந்திருக்கிறது. மேட்டு உச்சியில் காசளவு இடத்தை மட்டும் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் தட்டி இறக்கி, ஈரத்துணி வைத்தால் சுருங்கும். இதைச் செய்யாமல் அதன் மேல் டேம்பிங் ஷீட் ஒட்டினால் குதிப்பது நிற்காது, சத்தம் மட்டும் கொஞ்சம் மந்தமாகக் கேட்கும். பட்டியை இரண்டு மி.மீட்டருக்கு மேல் ஏற்றவே வேண்டாம்.

தென்காசி_சாரல்

கிரில், கொக்கி, கதவுக் கீல் மாதிரி சின்னச் சாமான்களுக்கு ஒரு வழி. பிளாஸ்டிக் டிரம்மில் தண்ணீர், சலவை சோடா, ஒரு பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமானை மைனசில், பழைய இரும்புத் துண்டைப் பிளசில் தொங்கவிட்டால் மறுநாள் துரு கறுப்புச் சேறாகக் கழன்றுவரும். நல்ல இரும்பு தேயாது. பிளசில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மட்டும் போடாதீர்கள், விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு வரும், அதனால் திறந்தவெளியில் வையுங்கள், பக்கத்தில் பீடி பற்ற வைக்க வேண்டாம்.

வள்ளியூர்_ஒலிக்காரன்

தகர வேலை முடிந்ததும் சத்தத்துக்கு வரலாம். ஷீட் வாங்குவதற்கு முன்னால் ஓட்டைகளை எண்ணுங்கள். ஸ்டீயரிங் தண்டு, கிளட்ச், பிரேக் பெடல், ஒயர்கள், கேபிள்கள் எல்லாம் கவுல் வழியாகத்தான் வருகின்றன. சுவரின் பரப்பில் ஒரு சதவீதம் திறந்திருந்தால் போதும், மீதியில் எவ்வளவு கனமான தடுப்பு வைத்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. இது கணக்கு, கருத்து இல்லை. ஒயர் துளைகளுக்கு ரப்பர் கிராமெட்டும் (துளை ஓரத்தை மூடுகிற ரப்பர் வளையம்) பெடலுக்கு ரெக்சின் உறையும் சில நூறு ரூபாய். அலங்காரக் கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார்.

அப்புறம்தான் தடுப்பு. சதுர மீட்டருக்கு 5 கிலோ வருகிற கனத்த வினைல் ஷீட்டை, அடியில் மெத்தை வைத்து, தரையிலும் கவுலின் உள்பக்கத்திலும் போடுங்கள். 1 மி.மீ. இரும்புத் தகடே சதுர மீட்டருக்கு 8 கிலோ அளவில் இருக்கிறது, எடை இரட்டித்தால் தடுப்பு 5, 6 டெசிபல் கூடும். நடுவில் மெத்தை இருந்தால் அதைவிட நன்றாகவே தடுக்கும். இது மட்டும் இடைவெளி இல்லாமல், முழுக்க மூட வேண்டும்.

மெத்தைக்கு ஸ்பாஞ்ச் போடாதீர்கள். டீசல் ஊறின ஸ்பாஞ்ச் தீக்குச்சிக்குச் சமம். கவுலின் இன்ஜின் பக்கத்தில் பழைய அட்டை ஏதாவது இருந்தால் சுரண்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். அந்தக் காலத்தில் சூடு தடுக்கக் கல்நார் அட்டை வைப்பது வழக்கம். காய்ந்த தூசி நுரையீரலுக்குப் போகக் கூடாது, நனைத்து எடுத்துப் பையில் கட்ட வேண்டும்.

போனில் டெசிபல் பார்த்துவிட்டு ஒன்றும் குறையவில்லை என்று வந்து சொல்லாதீர்கள். அந்த ஆப்கள் 'ஏ' அளவுகோலில் காட்டும். அது கனத்த சத்தத்தைக் குறைத்துக் கணக்கிடுகிற அளவுகோல், 100 ஹெர்ட்ஸ் சத்தத்தை 19 டெசிபல் கழித்துவிட்டுத்தான் காட்டும். 'சி' அளவுகோலுக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள்.

முத்துநகர்_டிரைவர்

ரொம்ப நாள் டாடா பென்ஸ் மூக்கு லாரி ஓட்டினவன் நான். கூரைக்கு உள்ளே ரப்பர் பூசின தென்னைநார் மெத்தையை வைத்து ரெக்சின் அடித்திருந்தோம். கூரையில் கல் மழை மாதிரி மழை விழுந்தாலும் உள்ளே பேச்சு கேட்கும், வெயிலும் பாதிதான். இப்போது இதையெல்லாம் ஏன் யாரும் சொல்வதில்லை?

பேட்டை_ஆசாரி_மகன்

கூரைக்கு நார் மெத்தை அருமையான சாமான் அண்ணாச்சி. கூரை ஒழுகாதவரைக்கும். ஒழுகினால் அத்தனையையும் குடித்து மரத்தின் மேல் உட்கார்ந்துவிடும். முதலில் கூரை மூட்டை அடைத்துவிட்டு, மழைக்காலம் ஒன்று பார்த்துவிட்டுப் போடலாம்.

பாளை_ஃபார்கோ

கதவுக்குள்? அங்கேயும் நார் மெத்தை வைக்கலாமா, கண்ணாடி இறங்குகிற இடம் போக?

டிங்கர்_அண்ணாச்சி

வேண்டாம். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எந்தப் பீடிங்கும் நிறுத்தாது. கதவின் அடியில் இருக்கிற வடிகால் துளைகள் பட்டியிலும் பெயிண்டிலும் அடைபட்டிருக்கும், முதலில் அதைக் குத்தித் திறங்கள். உள்ளே எபாக்சி பிரைமர், தகரத்தின் நடுவில் பியூட்டைல் ஷீட் ஒரு துண்டு, கீழ்மடிப்பில் மெழுகு. ஷீட் அடி வரைக்கும் போகக் கூடாது, நாலு விரல் விட்டுவிடுங்கள். உள்கதவு அட்டைக்குப் பின்னால் மெத்தை வேண்டுமென்றால் தண்ணீர் குடிக்காத மூடின நுரை ரப்பர் வையுங்கள். அது சத்தத்தை ரொம்ப உறிஞ்சாது, அட்டை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

மட்கார்டு ஓரம் மடிக்கிற அன்றைக்கு ஒரு போன் போடுங்கள் தம்பி, பட்டறையில் பையன்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர்களும் பார்த்துக்கொள்ளட்டும்.